நுரையீரல் தயார், முழங்கால் தயாரா?

அடுத்த தவணையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம். உடற்கல்வி ஆசிரியர் தேதியை அறிவித்துவிட்டார். சென்ற முறை பாதித் தூரத்தை நடந்தே முடித்த நினைவு உறுத்துகிறது. இந்த முறை விடுவதில்லை என்று அன்று மாலையே ஓடுதடத்தில் இறங்குகிறீர்கள். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டுகிறது. எப்படியோ முடித்துவிடுகிறீர்கள். மறுநாளும் ஓடுகிறீர்கள், அதற்கு மறுநாளும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நல்ல மாற்றம். மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை. உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுகிறீர்கள், இன்னும் இரண்டு சுற்று சேர்த்துக்கொள்கிறீர்கள். அந்த வாரக் கடைசியில் எம்ஆர்டி நிலையத்தில் படியிறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி ஒரு மந்தமான வலி. வகுப்பில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் அதே வலி. வீட்டில் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பாட்டி பார்த்துவிடுகிறார்.

“என்னய்யா, இந்த வயசுலேயே முட்டி வலியா? ஓடி ஓடி முட்டியைத் தேய்ச்சுக்காதே!”

ஓட்டக் காலணி அலமாரிக்குள் போகிறது. ‘எனக்கு முட்டி சரியில்லை, ஓட்டமெல்லாம் எனக்கு ஒத்துவராது’ என்ற முடிவும் அதோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிடுகிறது. 15 வயதில் எடுத்த அந்த முடிவைச் சிலர் 40 வயதிலும் சொல்லிக்கொண்டிருப்பதை நாம் கேட்டிருப்போம்.

பெரும்பாலும் அந்த முழங்காலில் குறை ஏதும் இருப்பதில்லை. அதற்குக் கொடுத்த அவகாசம்தான் போதவில்லை.

2,400 அடிகள்

முழங்கால் சில்லு என்பது தொடை எலும்பின் முன்பக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் சிறிய எலும்பு. முழங்காலை மடக்கும்போதும் நீட்டும்போதும் தொடையின் முன்தசை அதை இழுக்கிறது. கால் மடங்கிய நிலையில் உடலின் எடையைத் தாங்கும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் அழுந்துகிறது. படியிறங்கும்போதும் குந்தி உட்காரும்போதும் அழுத்தம் கூடும். ஓடத் தொடங்குவோரிடம் அதிகம் காணப்படும் முழங்கால் வலி இந்த இடத்தில்தான் வருகிறது. ‘ரன்னர்ஸ் நீ’ என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்கும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போதோ அது எடையைப் போல் ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 100 முதல் 150 கிலோ. 

இப்போது ஒரு கணக்கு. 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுகிறீர்கள், நிமிடத்திற்கு 160 அடி வைக்கிறீர்கள் என்றால் மொத்தம் 2,400 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 1,200. நேற்றுவரை பேருந்து நிறுத்தத்திற்கு நடந்ததைத் தவிர வேறு வேலை செய்யாத முழங்காலுக்கு, ஒரே மாலையில் இரண்டு மூன்று மடங்குச் சுமையை 1,200 முறை கொடுக்கிறோம். மறுநாள் மறுபடியும். அது முனகுவதில் வியப்பில்லை.

உடலுக்குள் இரண்டு கடிகாரங்கள்

பயிற்சி தொடங்கியதும் உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் முன்னேறுவதில்லை. இதயமும் இரத்த ஓட்டமும் முதலில் பழகிக்கொள்கின்றன. சில வாரங்களிலேயே மூச்சு சீராவதை உணர முடியும். தசைகளும் ஓரளவு விரைவாகவே வலுப்பெறும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள், மூட்டின் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு, எலும்பு ஆகியவை மெதுவாகவே மாறுகின்றன. தசைநாணுக்குத் தசையைவிட இரத்த ஓட்டம் குறைவு. குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டமே கிடையாது. இவை புதிய சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே மூச்சு எளிதாகும் அந்த இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். ‘இன்னும் ஓடலாம்’ என்று நுரையீரல் சொல்கிறது. முழங்கால் இன்னும் அந்த இடத்திற்கு வந்து சேரவில்லை.

காற்பந்து, பூப்பந்து போன்ற இணைப்பாட நடவடிக்கைகளில் இருந்துவிட்டு, தேர்வுக்காக இரண்டு மூன்று மாதம் ஒதுங்கியிருந்தவர்களுக்கும் இது பொருந்தும். பழைய வேகம் மனத்தில் இருக்கும். கால் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. தேசிய சேவைக்கு முன்பு அவசரமாகத் தயாராகும் இளையர்களும் இதே வலையில் விழுவதுண்டு. அங்கும் ஓட வேண்டிய தூரம் அதே 2.4 கிலோமீட்டர்தான்.

ஒரே நாளில் மிகைப்படுத்துவதன் விளைவை ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025ல் வெளியான அந்த ஆய்வில், கடந்த 30 நாள்களில் தாங்கள் ஓடிய ஆக நீண்ட தூரத்தை ஒரே ஓட்டத்தில் வெகுவாகத் தாண்டியவர்களிடம் காயங்கள் கூடுதலாக இருந்தன. தூரத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டியவர்களுக்கு ஆபத்து ஆக அதிகம். இரண்டு வாரம் ஓடாமல் இருந்துவிட்டு, விட்டதைப் பிடிக்க ஒரே சனிக்கிழமையில் எட்டுக் கிலோமீட்டர் ஓடுவது சரியான ஈடு அல்ல.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடுமா?

பாட்டியின் அச்சத்திற்கும் பதில் சொல்ல வேண்டும். மூட்டு என்பது காரின் டயர் அல்ல, ஓட ஓடத் தேய்ந்துகொண்டே போவதற்கு. அது உயிருள்ள திசு. அளவான சுமையும் போதிய ஓய்வும் மாறி மாறிக் கிடைத்தால் அது தன்னைப் பழக்கப்படுத்திக்கொள்ளும்.

ஓட்டத்திற்கும் மூட்டுத் தேய்மானத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017ல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. உடல்நலத்திற்காகவும் பொழுதுபோக்காகவும் ஓடியவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் சுமார் 3.5 விழுக்காட்டினர். ஓடாமல் இருந்தவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. போட்டி நிலையில் கடுமையாக ஓடியவர்களில் சுமார் 13 விழுக்காடு.

இந்த எண்களை மட்டும் வைத்து, ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே நல்ல மூட்டு உள்ளவர்களே தொடர்ந்து ஓடியிருக்கவும் கூடும். ஆனாலும் அளவாக ஓடுகிறவர்களுக்கு முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்திற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

1996ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடிப் பழக்கமே இல்லாதவர்களை ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் திட்டம் ஒன்றை வகுத்தார். ‘கவுச் டு 5கே’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அதன் முதல் வாரத்தில் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, மொத்தம் 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே. கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. அதன் பலமே அதுதான்: மூச்சுக்கு ஏற்ற அளவில் தொடங்காமல் மூட்டுக்கு ஏற்ற அளவில் தொடங்குகிறது.

2.4 கிலோமீட்டருக்குத் தயாராகும் மாணவர்கள் அதே அடிப்படையில் 10 வாரத் திட்டம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் ஓடுங்கள். இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஐந்து நிமிட விரைவு நடை. பிறகு:

1, 2ஆம் வாரம்: 1 நிமிடம் மெல்லோட்டம், 90 விநாடி நடை. எட்டு முறை.

3, 4ஆம் வாரம்: 2 நிமிடம் மெல்லோட்டம், 90 விநாடி நடை. ஆறு முறை.

5, 6ஆம் வாரம்: 4 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. நான்கு முறை.

7, 8ஆம் வாரம்: 8 நிமிடம் மெல்லோட்டம், 3 நிமிடம் நடை. இரண்டு முறை.

9ஆம் வாரம்: நிற்காமல் 16 நிமிடம். 10ஆம் வாரம்: நிற்காமல் 18 நிமிடம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? வெளியே செலவிடும் நேரம் தொடக்கம் முதல் இறுதி வரை பெரிதாக மாறவில்லை. நடை குறைந்து ஓட்டம் கூடுகிறது, அவ்வளவுதான். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற மெதுவான வேகத்தில்கூட 18 நிமிடத்தில் 2.4 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவீர்கள்.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? பக்கத்தில் ஓடும் நண்பரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடியும் செய்யுங்கள். அது தோல்வி ஆகாது. விரைவோட்டப் பயிற்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வாரம் முதல், ஒரு நாள் மட்டும், ஓட்டம் முடிந்தபின் 20 விநாடி வேகமாக ஓடி நன்றாக இளைப்பாறுவதை நான்கைந்து முறை செய்தால் போதும்.

எட்டி வைக்காதீர்கள்

வேகமாக ஓடுவதென்றால் காலை நீட்டி எட்டி வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். கால் உடலுக்கு வெகு முன்னால் போய்த் தரையில் பதிந்தால், ஒவ்வோர் அடியும் தடைக்கட்டை போட்டதுபோல் ஆகிறது. அந்த அதிர்வில் பெரும்பங்கை முழங்கால் ஏற்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரையன் ஹைடர்ஷெய்ட்டும் அவரது குழுவினரும் 45 ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011ல் வெளியானது. வேகத்தை மாற்றாமல், நிமிடத்திற்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 விழுக்காடு கூட்டியபோது முழங்கால் தாங்கும் சுமை கணிசமாகக் குறைந்தது. அடிகள் கூடினால் ஒவ்வோர் அடியும் குட்டையாகிறது. கால் உடலுக்கு நேர் கீழே விழுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓடும்போது வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 38 முறை என்றால் நிமிடத்திற்கு 152 அடி. அதில் 5 விழுக்காடு கூட்டினால் சுமார் 160. எல்லாரும் 180 அடி வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் இப்போதைய எண்ணிக்கையிலிருந்து கொஞ்சம் கூட்டினால் போதும். காலடிச் சத்தம் ‘தப், தப்’ என்று பெரிதாகக் கேட்டால், சத்தம் குறையும்படி சின்னச் சின்ன அடியாக வைத்துப் பாருங்கள்.

வெற்றுத்தளமே உடற்பயிற்சிக்கூடம்

முழங்கால் தனியாக வேலை செய்வதில்லை. மேலே இடுப்பும் பிட்டத் தசைகளும், கீழே கெண்டைக்காலும் சோர்ந்தால் அந்தச் சுமை முழங்காலுக்குத்தான் வந்து சேரும். முழங்கால் சில்லு வலிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் தொடை, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகளைத்தான்.

ஓடாத நாள்களில் இரண்டு நாள், 15 நிமிடம் ஒதுக்குங்கள். நாற்காலியின் முன் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுதல். வீவக வெற்றுத்தளத்தின் ஒற்றைப் படியில் ஏறி, மெதுவாக இறங்குதல். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல். ஒருக்களித்துப் படுத்து மேற்காலைத் தூக்குதல். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு சுற்று. உட்காரும்போதும் படியிறங்கும்போதும் முழங்கால் உள்பக்கம் சாயாமல், பாதம் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும்.

காலணியும் பாதையும்

வெள்ளைப் பள்ளிக் காலணி நடப்பதற்குச் சரி. வாரத்தில் மூன்று நாள் ஓடுவதற்கு ஓட்டக் காலணி ஒன்று தேவை. விலை கூடியதுதான் முழங்காலைக் காக்கும் என்று நினைத்து அம்மா அப்பாவை நெருக்க வேண்டாம். போட்டு ஓடிப் பார்க்கும்போது காலுக்கு இதமாக இருக்கிறதா, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்கிறதா, குதிகால் வழுக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். அண்ணன் போட்டுத் தேய்ந்துபோன காலணியைத் தவிர்ப்பது நல்லது.

தொடக்கத்தில் சமதளமே நல்லது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் பெரும்பாலான பூங்கா இணைப்புப் பாதைகளும் இதற்கு ஏற்றவை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் மண்பாதை காலுக்கு மென்மையாக இருக்கும். ஆனால் வேர்களும் ஏற்ற இறக்கங்களும் உண்டு. மவுண்ட் ஃபேபர் போன்ற சரிவுகளைச் சில மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்காலைச் சோதிப்பது இறக்கம். ஓடுதடத்தில் எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் வளைவுகளில் ஒரே பக்கக் காலுக்கு வேலை கூடும். கூட்டமில்லாத நேரத்தில், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், திசையை மாற்றி ஓடலாம்.

எந்த வலி, என்ன செய்வது?

புதிதாக ஓடும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் ஓரிரு நாள் வலி இருப்பது இயல்பு. மூட்டில் வரும் வலியைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அதே அளவில் தொடரலாம், கூட்ட வேண்டாம். நான்கைத் தாண்டினாலோ மறுநாளும் நீடித்தாலோ சில நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வலிக்காத அளவில் நடங்கள், நீந்துங்கள். திரும்பும்போது திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் சென்று தொடங்குங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, தீ எச்சரிக்கை மணியைத் துணியால் மூடுவதற்குச் சமம்.

உயரம் வேகமாகக் கூடும் வயதில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் மேற்புறத்தில் ஒரு புடைப்பு தோன்றி, தொட்டால் வலித்தால் அது ஓஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் நிலையாக இருக்கலாம். இன்னும் முற்றாத எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. ஓட்டத்தையும் தாவுவதையும் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது வலி தானாக அடங்கிவிடும். இரண்டாவது, இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு சில பதின்ம வயதினருக்கு முழங்கால் வலியாகத் தெரிவதுண்டு. நொண்டி நடக்க நேர்ந்தால் ‘வெறும் முட்டி வலி’ என்று விட்டுவிடக் கூடாது.

முழங்கால் வீங்கினால், மடக்கவோ நீட்டவோ முடியாமல் மாட்டிக்கொண்டால், நிற்கும்போது தளர்ந்து விட்டுக்கொடுத்தால், இரவில் வலி எழுப்பினால், காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். தேர்வு நாள் நெருங்கியிருந்தாலும் உடற்கல்வி ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சாக்குச் சொல்வதாக நினைப்பாரோ என்று பயந்து, வலியோடு ஆறு சுற்று ஓடிப் பல வாரம் நொண்டுவதால் யாருக்கும் பயன் இல்லை.

ஓட்டத்திற்கு உறுப்பினர் கட்டணம் இல்லை, குழு சேர வேண்டியதில்லை. வீட்டு மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தால் பாதை தயார். தேர்வு முடிந்த பிறகும், பள்ளியும் கல்லூரியும் முடிந்த பிறகும் கூட வரக்கூடிய பழக்கம் அது. இரண்டு வார அவசரத்தில் அதை இழந்துவிடக் கூடாது.

இன்றே நாள்காட்டியை எடுங்கள். ஓட்டத் தேர்வு நாளைக் குறித்து, அதிலிருந்து பத்து வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த வாரத்தின் முதல் மாலையில் ஒரு நிமிடம் ஓடி, 90 விநாடி நடங்கள். பாட்டிக்கும் விருப்பம் இருந்தால் ஐந்து நிமிட நடைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு மேல் ஓடுவது உங்கள் பொறுப்பு.